திரும்பிப் பார்க்கக் கூடாத பூசணி

அக்டோபர் முதல் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. கடற்காற்றில் கற்பூரம் திரும்பத் திரும்ப அணைந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் முடிந்துவிடுமோ என்று அப்பா என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிகாரம் கட்டியிருந்த கையும் மற்றொரு கையும் சேர்ந்து ஒரு வெண்பூசணியைத் தாங்கியிருந்தன.

ஐந்து கிலோவாவது இருக்கும். அதன் மேல்தோலில் படிந்திருந்த வெள்ளைப் பொடி என் சுடிதார் முழுவதும் ஒட்டியிருந்தது.

அன்று ஆயுத பூசை. இடம் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசல். அப்பா டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து மணலிக்கும், மணலியிலிருந்து துறைமுகத்துக்கும் பெட்டி சுமப்பது அவர் வேலை. யார்டுக்கு வெளியே சாலையோரமாகப் பன்னிரண்டு டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. காலையிலிருந்து குழாய்த் தண்ணீரில் குளித்து, சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும் பலூனும் ஏற்று, சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்துடன் காத்திருந்தன. மணலிப் பக்கமிருந்து வழக்கமாக வரும் எண்ணெய் வாடையையும் மீறி ஊதுபத்தி மணத்தது.

பூசணியை உடைப்பது ஓட்டுநரின் வேலை. பெண்கள் அதைத் தொடுவதில்லை. அந்த ஆண்டு மட்டும் அப்பா அதை என் கையில் கொடுத்தார்.

“ஏழுமலைண்ணே, பொண்ணாண்ட குடுத்துட்டியே. கால் மேல போட்டுக்கப் போவுது!” என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

“போட்டா போடட்டும். எம் பொண்ணு பூசணிக்காயப் பத்தி காலேஜ்ல அர மணி நேரம் பேசிக்கீது. நீ எதப் பத்திப் பேசிக்கீற? குவார்ட்டரப் பத்திதான் பேசுவ.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் பூசணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தின் நடுவே நிற்பது எனக்கு எப்போதும் கடினம். இந்த இதழில் என் தொடரைப் படித்துவருபவர்கள் அதை அறிவார்கள்.

அரை மணி நேரம் பேசியது

அப்பா சொன்னது உண்மை. முதுகலைத் தமிழிலக்கிய வகுப்பில் அதற்கு முந்தைய வாரம் ஒரு கருத்தரங்கக் கட்டுரை வாசித்திருந்தேன். பண்டிகைகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று பலியாவது அதன் பொருள். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடி முழுவதையும் கேட்டார். யார்டு முழுவதும் அவர் அதைப் பரப்பியிருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நம் பழம்பாடல்களில் மன்னனின் முரசுக்கு ஒரு சடங்கு உண்டு. அதை நீர்த்துறைக்குக் கொண்டுபோய்க் கழுவுவார்கள்; மாலை சூட்டுவார்கள்; பின் அதற்குக் குருதிப் பலி கொடுப்பார்கள். முரசு உயிருள்ளது, அதற்குப் பசி உண்டு என்று நம்பிய காலம் அது. டிரெய்லரைக் குளிப்பாட்டி மாலை போடும் ஓட்டுநருக்கும் அந்த முரசுகாவலனுக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். வரிசை மட்டும் மாறவில்லை. நீர், மாலை, பலி.

மாறியது பலிப்பொருள். வெண்பூசணியின் தலையில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, குடைந்து, சிவப்பை நிரப்பி மூடுகிறோம். தரையில் அறைந்ததும் உள்ளேயிருந்து சிவப்பு தெறிக்கிறது. அந்தச் சிவப்பு எதைக் குறிக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. வட இந்தியாவில் சில ஊர்களில் முழுப் பூசணியில் பெண்கள் முதல் வெட்டு வெட்டமாட்டார்களாம். அது வீட்டின் மூத்த மகனுக்குச் சமமாம்.

வேதகால வடமொழி உரைநடையில் ஒரு கதை வருகிறது. பலிக்குத் தகுதியான சாரம் முதலில் மனிதனிடம் இருந்தது. தேவர்கள் அவனைப் பிடித்தபோது அது குதிரைக்குள் ஓடியது. குதிரையைப் பிடித்தபோது மாட்டுக்குள், பிறகு செம்மறிக்குள், பிறகு வெள்ளாட்டுக்குள், கடைசியில் நிலத்துக்குள். நிலத்தைத் தோண்டித் தேடியவர்களுக்கு நெல்லும் வாற்கோதுமையும் கிடைத்தன. பலிக்கு அவற்றின் மாவுருண்டையே போதும் என்பதற்கு இவ்வளவு நீண்ட துரத்தல்.

ரோமாபுரியில் ஒரு குளிர்காலத் திருநாள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கம்பளிப் பொம்மைகளை நாற்சந்திச் சிற்றாலயங்களில் தொங்கவிடுவார்கள். எங்களை விட்டுவிடு, இவற்றை எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். நாமும் பூசணியை முச்சந்தியில்தான் உடைக்கிறோம். இலத்தீன் பேசியவர்களுக்கும் நமக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்ததற்குச் சான்று எதுவுமில்லை. அச்சம் தானாகவே இரண்டு இடங்களில் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் என் கட்டுரையில் இருந்தன. உயிரிலிருந்து காய்க்கு வந்து சேர்ந்ததை மனித குலத்தின் மெல்லிய முன்னேற்றம் என்று முடித்திருந்தேன். வகுப்பில் கைதட்டினார்கள்.

காஜா மாமா சொன்னது

கற்பூரம் நான்காம் முறை அணைந்தபோது அதைத் தன் இரு கைகளாலும் மறைத்து நின்றவர் காஜா மாமா. அப்பாவின் நண்பர், அடுத்த டிரெய்லரின் ஓட்டுநர், வண்ணாரப்பேட்டைக்காரர். ஆயுத பூசைக்குப் பொரி, கடலை, பழம் வாங்கும் பொறுப்பு ஆண்டுதோறும் அவருடையது. விலை பேசுவதில் அவரை வெல்ல ஆளில்லை.

“பாப்பா, நீ பேசினத உங்க நைனா என்னாண்ட சொன்னாரு,” என்றார். “எங்களுக்கும் அதே கததானே. நபி ஒருத்தரு பெத்த புள்ளய அறுக்கப் போனாரு, பதிலுக்கு ஆடு வந்துச்சு. ஆட்டுக்கு யாரு வர்றாங்கன்னுதான் நான் சின்ன வயசுல கேப்பேன். எங்க வாப்பா முதுகுலயே ஒன்னு குடுப்பாரு.”

“மாமு, அத அப்புறம் பேசு. கற்பூரத்தப் பாரு,” என்றார் அப்பா.

ஆட்டுக்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வி என் கட்டுரையில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் சுடர் நின்றுவிட்டது.

வண்டியை மூன்று முறை சுற்றினேன். சாலையின் வளைவில், எல்லாரும் சொன்ன இடத்தில், பூசணியைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அறைந்தேன். கனமான ஒரு ஓசை. தெறித்த சிவப்பு என் கணுக்கால்வரை வந்தது.

மற்றவர்களின் பூசணிகளில் கடைக் குங்குமம், இளஞ்சிவப்பு. எங்களுடையதில் அம்மா கலந்த மஞ்சளும் சுண்ணாம்பும். இரண்டு வெளிறிய பொருள்கள் சேர்ந்து உலர்ந்த குருதியைப் போன்ற ஆழ்ந்த சிவப்பைத் தரும் அந்த விந்தையை விட்டுவிட்டுக் கடைக் குங்குமம் வாங்க அம்மா ஒப்புவதில்லை.

தொடாதே

துண்டுகள் சாலையின் நடுவில் கிடந்தன. அந்த வளைவில் இரு சக்கர வாகனங்கள் வேகமாகத் திரும்பும். அது என் கண்ணில் பட்டது. ஒரு பெரிய துண்டை ஓரமாகத் தள்ளக் காலை நீட்டினேன்.

“ஏய் பாப்பா! தொடாத!” அப்பாவின் குரல் அதிர்ந்தது. “வண்டி மேல கீற கண்ணெல்லாம் அதுலதான் கீது. தொட்டா உன்னாண்ட ஒட்டிக்கும். திரும்பிப் பாக்காம வா.”

காலை இழுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இந்த இடத்தைப் பலமுறை எழுதி அழித்தேன். அச்சத்தால் விலகி வந்தேன் என்று எழுதினால் வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள்; ஆனால் அது உண்மையன்று. கண்ணேறு என் மேல் ஒட்டும் என்று நான் நம்பவில்லை. முப்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து பூசணித் துண்டுகளைப் பொறுக்கக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு வழக்கத்தின் வரலாற்றை மூன்று மொழிகளின் வழியே பின்தொடர்ந்தவள், அதன் கழிவை ஒரு முழம் நகர்த்தவில்லை.

ரத்தம் என்றார்கள்

யார்டின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தோம். ஆறு மணி ஆகவில்லை. வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. இரும்பு தரையில் உரசும் ஓசை நீளமாகக் கேட்டது.

ஸ்கூட்டர் வளைவைத் தாண்டிக் கிடந்தது. அதற்குச் சற்று முன்னால் ஒரு பெண். முப்பது வயதிருக்கலாம். அவருடைய பெரிய துணிப்பை கிழிந்து, வெட்டிய ஜாக்கெட் துணிகள் சாலை முழுவதும் சிதறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது.

“ரத்தம்! ரத்தம் பாரு, கையெல்லாம் ரத்தம்!” என்று யாரோ கத்தினார்கள்.

முழங்கையிலிருந்து விரல்வரை ஆழ்ந்த சிவப்பு. கூட்டத்தில் எனக்கு மட்டும் அது ரத்தமில்லை என்று தெரிந்தது. அது மஞ்சளும் சுண்ணாம்பும். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது.

“எவன்டா இத நடு ரோட்ல ஒடச்சது?” என்று ஒரு பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “வாய்ல இன்னா, கொழுக்கட்டயா? சொல்லுங்கடா!”

வாயைத் திறந்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

காஜா மாமாதான் ஓர் ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். நான் சாலையில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைத்து, ஆட்டோவுக்குள் கொடுத்தேன். அந்தப் பெண் பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்து, “தேங்க்ஸ்மா,” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருக்கலாம்.

தண்டையார்பேட்டையில் அன்று இரவு

எட்டு மணிக்குக் காஜா மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கினார்.

“எலும்பு விட்டுக்கினு கீது. மாவுக்கட்டு போட்டாங்க. ஒன்ற மாசம் கைய அசைக்கக் கூடாதாம். பேரு கஸ்தூரி. கல்மண்டபத்துல டைலரு. தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல மாமு. அழுதுச்சு. வலிக்கு அழல. ‘துணி குடுத்தவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்’னு அழுதுச்சு.”

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமாவின் சட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு எதுவென்று அவளுக்கும் தெரியும்.

மாமா போனபின் அப்பாவிடம் சொன்னேன். “நைனா, நான் நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன். ஒடச்சது நான்தான்னு சொல்லணும்.”

“ரோட்ல பன்னெண்டு காய் கெடந்துச்சு. எதுல வழுக்குச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“அவங்க கையில இருந்தது அம்மா கலந்த செவப்பு.”

அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சொன்னா கை ஒட்டிக்குமா? அவங்க ஆளுங்க வந்து நிப்பாங்க. ஸ்டேஷன், கேசுன்னு ஆவும். நீ படிக்கிற பொண்ணு. பேரு கெட்டுப் பூடும்.”

“நான்தானே ஒடச்சேன்.”

“குடுத்தது யாரு? நானு. தொடாதன்னு கத்தினது யாரு? நானு. அப்போ என் தப்புதான். சொல்லித்தான் ஆவணும்னா நான் போயி என் பேர்ல சொல்றேன். நீ வராத.”

அவர் அன்பினால்தான் அப்படிச் சொன்னார். அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது. அந்தக் கணத்தில்தான் என் கட்டுரையின் குறை எனக்குத் தெரிந்தது. முன்னேற்றம் என்று நான் எழுதியது, தீங்கை வேறொன்றின் மேல் ஏற்றிவிடும் திறமையை. மனிதனிடமிருந்து குதிரைக்கு, குதிரையிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து காய்க்கு. காய் உடைந்தபின் அது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. அது சாலையில் கிடக்கிறது. அடுத்து வருகிறவர் மேல் ஏறிக்கொள்கிறது. இப்போது என் தந்தையும் எனக்குப் பதிலாக நிற்க முன்வருகிறார்.

“வேணாம் நைனா,” என்றேன். “என் பேர்லயே சொல்லிக்கிறேன்.”

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அது சம்மதமா கோபமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை

எட்டரை மணிக்குக் கிளம்பினேன். அப்பா வாசற்படியில் ஒரு கையில் சட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“நானும் வர்ட்டா?”

“வேணாம்.”

“ஆட்டோல போ. பஸ்ல கூட்டமா இருக்கும்,” என்றார்.

கல்மண்டபத்தில் காஜா மாமா சொன்ன சந்தில், மீன் ஐஸ் உருகி ஓடிய தரையைத் தாண்டி, மாடியில் ஓர் அறை. கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்தின் மேல் முந்தைய நாளின் சந்தனமும் வாடிய சாமந்தியும் அப்படியே இருந்தன. கஸ்தூரி ஒரு பெண்மணியிடம், வெட்டாத துணியை இடது கையால் எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி முகத்தைத் திருப்பியபடி என்னைக் கடந்து இறங்கிப் போனார்.

“அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா? இப்ப எதுவும் எடுக்கலமா. கைய பாரு,” என்றார் கஸ்தூரி. பிறகு கண்ணைச் சுருக்கினார். “நீ... நேத்து துணி பொறுக்கிக் குடுத்த பொண்ணுதானே?”

“ஆமா அக்கா.” வழி முழுவதும் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. “அந்தப் பூசணிக்காய ஒடச்சது நான்தான்.”

கீழே ஐஸ் உடைக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

“நீயா?” என்றார். “எவனாச்சும் தடிமாடு மாதிரி ஒரு டிரைவரு வருவான், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கலாம்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். நீ இன்னா, ஃபேன் போட்டா பறந்துடுவ போல கீற. இன்னா படிக்கிற?”

“எம்.ஏ. தமிழ் இலக்கியம்.”

“ஒடச்சத ஓரமா தள்ளிட்டுப் போவணும்னு அதுல எழுதலியா?”

“இல்லக்கா.”

“கண்ணுல படலியா, இல்ல பட்டும் உட்டுட்டியா?”

பொய் சொல்ல இடம் விட்டுத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

“பட்டுச்சு. விட்டுட்டேன்.”

கஸ்தூரி கட்டுப்போட்ட கையை மடியில் சரிசெய்துகொண்டார். வலியில் முகம் ஒருமுறை சுளித்தது.

“மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காத. எனக்குக் கோவம் கீது. அது இன்னும் கொஞ்ச நாளு இருக்கும். தைக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஹூக்கு வெக்க?”

“தெரியாதுக்கா.”

“இன்னாதாண்டி தெரியும் உனக்கு?” அவர் குரலில் முதன்முறையாகச் சிரிப்பைப் போன்ற ஒன்று இருந்தது, உடனே மறைந்தது. “ஊசில நூலு கோக்கவாச்சும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப உக்காரு. வெட்டாதது எல்லாம் திரும்பிப் போவுது. அத நீயும் ஒன்னும் பண்ண முடியாது, நானும் பண்ண முடியாது. இங்க ஏழு ஜாக்கெட்டு தச்சு முடிச்சது கீது. ஹூக்கு மட்டும்தான் பாக்கி. இதுவாச்சும் சொன்ன தேதிக்குப் போவட்டும்.”

இயந்திரத்துக்கு அருகில் தரையில் உட்கார்ந்தேன். கருநீல ஜாக்கெட் ஒன்றை அவர் என் மடியில் போட்டார். நூலைக் கோத்து, முடிச்சிட்டு, அவர் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்த இடத்தில் முதல் ஹூக்கை வைத்துத் தைத்தேன். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன். துணியில் படாதபடி விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். ஐந்து ஹூக்குகளை முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று.

கஸ்தூரி இடது கையால் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தும் தலைகீழாக இருந்தன.

“பிரி,” என்றார்.

பிரித்தேன்.